ஆய்வகக் கணினியில் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக் கூடாது?

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளியிலோ கல்லூரியிலோ நூலகத்திலோ பொதுக் கணினிகளுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் யாரேனும் என் நட்பு வட்டத்தில் இருந்தால், காபி ஆறினாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு பொது நூலகத்துக்குப் போயிருந்தேன். பேத்தியின் பள்ளிக் கட்டுரைக்குக் கொஞ்சம் தகவல் தேட வேண்டியிருந்தது. அங்கே வாசகர்களுக்கென்று வரிசையாகக் கணினிகள். பெரிய திரை, புது விசைப்பலகை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. உட்கார்ந்து பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. எனக்கோ நாற்பது வயதிலேயே வந்துவிட்ட வெள்ளெழுத்து. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன், பலிக்கவில்லை. சரி, எழுத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம் என்று அமைப்புகளைத் திறந்தேன். திரைக்கான பக்கமே இல்லை. இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் சிவப்பில் ஒரு வரி மட்டும் இருந்தது.

நூலகத்துத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதையெல்லாம் பூட்டிட்டோம் சார். திறந்து விட்டா பசங்க கண்டபடி மாத்திட்டுப் போயிடுறாங்க. அடுத்து வர்றவங்க எங்ககிட்ட சண்டைக்கு வர்றாங்க" என்றார். நல்ல பிள்ளை. என்னைக் கடிந்து பேசவும் இல்லை. "வேணும்னா நான் படிச்சுச் சொல்லட்டுமா சார்?" என்றுகூடக் கேட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அது நியாயமாகவும் இருக்காது. ஏனென்றால் ஏறக்குறைய இதே வார்த்தைகளை இதே தொனியில் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பூட்டுகிறவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகம் நடத்தாதவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியாது.

2007-ஆம் ஆண்டு வாக்கில் நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணினி அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளஸ்ஸும் பாடமாக இருந்த காலம். ஆய்வகத்தில் இருபது கணினிகள், எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி. ஒரு கணினிக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். ஒரு வகுப்பு வெளியே போகும்போதே அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். கிடைப்பது நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் முந்தைய வகுப்பு செய்துவிட்டுப் போன கூத்தைச் சரிசெய்வதிலேயே போய்விடும்.

என்னென்ன கூத்து என்று கேளுங்கள். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திரை தலைகீழாகத் திரும்பிவிடும். இன்டெல் கிராபிக்ஸ் இருந்த பழைய கணினிகள் பலவற்றில் அந்த வசதி இருந்தது. எவனோ ஒருவன் கண்டுபிடித்துவிட்டான், ஒரே வாரத்தில் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் நேராகிவிடும் என்பது மட்டும் பரவவில்லை!

இன்னொரு கூட்டம், திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக வைத்துவிட்டு, உண்மையான சின்னங்களை மறைத்துவிடும். அடுத்து வருகிற பிள்ளை படத்தின்மேல் சொடுக்கிச் சொடுக்கி, "சார், மௌஸ் வேலை செய்யல" என்று கையைத் தூக்கும். பின்னணிப் படத்தில் ஒரு நடிகரை ஒருவன் வைப்பான், அடுத்த வகுப்பில் இன்னொரு நடிகரின் ரசிகன் அதை மாற்றுவான். அது மைதானத்தில் கைகலப்பு வரைக்கும் போனது. ஒரு நாள் சொல்லக் கூசுகிற ஒரு படம் இருந்தது. அன்று ஆய்வு அதிகாரி வரவில்லை என்பதுதான் என் அதிர்ஷ்டம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒரே நிறம் கொடுத்துவிடுவது, பழைய மானிட்டர் தாங்காத வேகத்தை வைத்துத் திரையை இருட்டாக்கிவிடுவது என்று இன்னும் எத்தனையோ. விண்டோஸ் 15 விநாடி காத்திருந்து, யாரும் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் உறுதி செய்கிற பொத்தானையும் சேர்த்து அழுத்துவதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

ஆகவே பூட்டினேன். எக்ஸ்பி புரொபஷனலில் குழுக் கொள்கை என்று ஒரு கருவி உண்டு. அதைத் திறந்து பயனர் அமைப்பு, நிர்வாக வார்ப்புருக்கள், கண்ட்ரோல் பேனல், டிஸ்பிளே என்று படிப்படியாக உள்ளே போனால் ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரி, திரை அமைப்புப் பெட்டியையே ஒட்டுமொத்தமாக எடுத்துவிடு என்பது. அதை இயக்கினேன். இருபது கணினிகளிலும் ஒரே சனிக்கிழமையில் முடித்தேன். திங்கட்கிழமை முதல், யாராவது அந்தப் பெட்டியைத் திறக்கப் பார்த்தால் நிர்வாகி முடக்கிவைத்திருக்கிறார் என்று செய்தி வரும். ஆய்வகம் அமைதியானது. தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

மூலையில் இருந்த 14-ஆம் எண் கணினியில்தான் எப்போதும் உட்காருவாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள். பூட்டுவதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு அந்த 14-ஆம் எண் கணினியோடு ஒரு தனித் தலைவலி இருந்தது. மற்ற கணினிகளெல்லாம் 1024×768 என்ற அளவில் இருக்க, அது மட்டும் அவ்வப்போது 800×600-க்கு மாறிக் கிடக்கும். அந்த அளவில் எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். சின்னங்கள் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும், பெட்டிகள் வெளியே வழியும். யார் செய்கிறார்கள் என்று வகுப்பு வகுப்பாக விசாரித்தேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கோபத்தில், "கையும் களவுமா பிடிச்சேன்னா லேப் பக்கமே விடமாட்டேன்" என்று பொதுவில் சொன்னேன். அந்தப் பெண்ணும் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

பூட்டிய பிறகு 14-ஆம் எண் கணினி ஒழுங்காக இருந்தது. அந்தப் பெண்தான் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். "தள்ளி உட்காரும்மா, கண்ணு கெட்டுப்போயிடும்" என்று பல முறை சொல்லியிருக்கிறேன். அக்கறையோடுதான் சொன்னேன். தள்ளி உட்காருவாள், நான் திரும்பியதும் மறுபடி முன்னால் வருவாள். முதலில் வேகமாக முடித்துக் காட்டுகிற பெண், பிறகு பாதியில் நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பெண்ணைச் செய்யச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். செய்முறைத் தேர்வில் தனியாக உட்கார வேண்டும் அல்லவா? ஸ்டார் ஆபீஸ் பட்டியலில் எதை எங்கே தேடுவது என்று தடவித் தடவி, நேரம் முடிந்துவிட்டது. தேர்ச்சி பெற்றாள், அவ்வளவுதான்.

மதிப்பெண் பட்டியல் வாங்க அவள் அம்மா வந்திருந்தார். "பி.சி.ஏ. சேர்க்கலாமே" என்றேன். "அவளே வேண்டாம்னுட்டா சார். கம்ப்யூட்டர் எனக்கு ஒத்துவராதுங்கிறா. கண்ணாடி போட்டாலும் முழுசாத் தெரியாதுன்னு டாக்டர் சின்ன வயசிலேயே சொல்லிட்டாரு. முன்னாடியெல்லாம் எழுத்தைப் பெருசாக்கி வெச்சுப்பாளாம், போறப்ப பழையபடி மாத்தி வெச்சுட்டு வருவாளாம். அப்புறம் அதைப் பூட்டிட்டாங்கன்னு சொன்னா" என்றார். புகார் மாதிரி சொல்லவில்லை, போகிற போக்கில் சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன். "கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சா குரூப்பை மாத்திடுவாங்கன்னு பயந்தா சார்" என்றார்.

போகிறபோது பழையபடி மாற்றி வைத்துவிட்டுப் போவாளாம். அந்த வரிதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. மணி அடித்து அவசரமாக ஓடிய நாட்களில் மட்டும்தான் அது மாறாமல் கிடந்திருக்கிறது. அந்தச் சில நாட்களை வைத்துத்தான் நான் குற்றவாளியைத் தேடியிருக்கிறேன். ஆய்வகத்தில் திரை அமைப்பை விளையாட்டுக்காக இல்லாமல், தேவைக்காகவும் பொறுப்போடும் பயன்படுத்திய ஒரே பிள்ளை அவள்தான். என் பூட்டு அவளைத்தான் பிடித்தது. தலைகீழாகத் திருப்புகிற பையன்களுக்கு விளையாட வேறு ஆயிரம் வழி இருந்தது.

அன்று மாலை ஆய்வகத்துக்குப் போய்க் குழுக் கொள்கைப் பட்டியலை மறுபடி திறந்து பார்த்தேன். இந்த முறை முழுதாகப் படித்தேன். பெட்டியையே எடுத்துவிடு என்ற வரிக்கு அடுத்தடுத்து வேறு வரிகள் இருந்தன. பின்னணிப் படத்தை மாற்றுவதை மட்டும் தடு. டெஸ்க்டாப் தாவலை மட்டும் மறை. திரைக்காப்புத் தாவலை மட்டும் மறை. அதாவது, நடிகர் படச் சண்டையை நிறுத்த ஒரு தாவலை மறைத்தாலே போதும். எழுத்தின் அளவு இருந்த தாவலும் திரை அளவு இருந்த தாவலும் பாட்டுக்கு இருந்திருக்கும். எக்ஸ்பியில் திரை உருப்பெருக்கி இருந்தது. அடர் நிற மாறுபாட்டுத் திரை இருந்தது. இரண்டையும் திரை அமைப்புப் பெட்டிக்குப் போகாமலே இயக்கலாம். இதில் எதுவும் எனக்கு அன்று தெரியாது. கணினி அறிவியல் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். திரை அமைப்புகள் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு வகை. ஒன்று, அலங்காரம் சார்ந்தது: பின்னணிப் படம், திரைக்காப்பு, வண்ணத் தோற்றம், சின்னங்களின் இடம். இன்னொன்று, கண் சார்ந்தது: எழுத்தின் அளவு, உருப்பெருக்கம், நிற மாறுபாடு, வெளிச்சம், சுட்டியின் அளவு. முதல் வகையைப் பூட்டினால் யாருக்கும் நட்டமில்லை. பொதுச் சுவரில் அவரவர் இஷ்டத்துக்குப் போஸ்டர் ஒட்டக் கூடாது என்கிற மாதிரிதான் அது. இரண்டாவது வகையைப் பூட்டுவது, வகுப்பில் பின்வரிசைப் பிள்ளை முன்னால் வந்து உட்காரக் கூடாது என்று சட்டம் போடுவது மாதிரி. கரும்பலகை தெரியவில்லை என்று ஒரு பிள்ளை முன்வரிசைக்கு வந்தால் எந்த ஆசிரியராவது அதை ஒழுங்கீனம் என்பாரா?

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு வகையும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. எக்ஸ்பியில் எல்லாம் ஒரே பெட்டிக்குள். விண்டோஸ் 10-இலும் திரையின் பிக்சல் அளவும், எழுத்து முதலியவற்றைப் பெரிதாக்கும் அளவும் ஒரே பக்கத்தில்தான். ஆகவே அவசரத்தில் பூட்டுகிறவர், அடுத்தவருக்குத் தொல்லை தருவதைப் பூட்டுவதாக நினைத்துக்கொண்டு, கண்ணுக்கு வேண்டியதையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார். பூட்டுகிறவர் கெட்டவர் இல்லை. பட்டியலின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார், அவ்வளவுதான்.

இன்றைக்கு இதற்கு வழி இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. 2017 முதல் விண்டோஸ் 10-இல் அமைப்புகளின் பக்கங்களைத் தனித்தனியாகத் தேர்ந்து மறைக்கலாம். திரைப் பக்கத்தையும் பின்னணிப் பக்கத்தையும் மறைத்துவிட்டு, அணுகல் வசதிப் பக்கத்தை விட்டுவிடலாம். 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து அந்த அணுகல் பக்கத்தில் எழுத்தை மட்டும் 225 விழுக்காடு வரை பெரிதாக்கும் நகர்த்தி ஒன்று இருக்கிறது. திரையின் பிக்சல் அளவைத் தொடாமல் எழுத்து மட்டும் பெரிதாகும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. நோம், கேடிஇ இரண்டிலுமே ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியாகப் பூட்டவும் திறக்கவும் முடியும்.

திரையின் பிக்சல் அளவைப் பூட்டலாமா என்று கேட்டால், பூட்டலாம் என்றுதான் சொல்வேன். பழைய குழாய் மானிட்டரில் 800×600 வைத்தாலும் எழுத்து ஓரளவு தெளிவாக இருக்கும். இப்போதுள்ள தட்டைத் திரைகளுக்கென்று ஓர் இயல்பான அளவு உண்டு. அதைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கிப்போகும். கண் குறைந்தவருக்கு அது உதவியில்லை. ஆக, அதைப் பூட்டிவிட்டு எழுத்துப் பெரிதாக்கத்தைத் திறந்து வைப்பதே சரி. ஒன்றைப் பூட்டும்போது அதற்கான மாற்று வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

"சரி சார், ஒருத்தர் பெரிதாக்கி வைத்துவிட்டுப் போனால் அடுத்தவருக்குத் தொல்லைதானே?" இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பூட்டு இல்லை, பழைய நிலைக்குத் திருப்புவது. விண்டோஸில் கட்டாயப் பயனர் கணக்கு என்று ஒன்றை நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நுழைந்து என்ன மாற்றினாலும் வெளியேறியதும் அழிந்துவிடும். அடுத்து நுழைகிறவருக்குப் பழையபடி இருக்கும். பொதுக் கணினிகளுக்கென்றே மைக்ரோசாப்ட் ஸ்டெடிஸ்டேட் என்று ஓர் இலவசக் கருவியைத் தந்துவந்தது. 2010 இறுதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். கணினியை மறுதொடக்கம் செய்தாலே எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்படி செய்கிற டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்களைப் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் அறிவார்கள். விண்டோஸின் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இதே வேலையைச் செய்யும் எழுத்து வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. பையன் தலைகீழாகத் திருப்பினாலும் சரி, அந்தப் பெண் எழுத்தைப் பெரிதாக்கினாலும் சரி, அவர்கள் எழுந்து போனதும் கணினி பழையபடி. விளையாட்டுப் பிள்ளைக்கும் சலித்துப்போகும். அடுத்தவர் மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்க்கத்தானே அத்தனை கூத்தும்?

"கேட்டால் செய்து கொடுக்கிறோமே, யார் வேண்டாம் என்றது?" என்பது இரண்டாவது பதில். நானும் அந்த அம்மாவிடம் அதைத்தான் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். நாற்பது பேர் நடுவில் கையைத் தூக்கி "எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்ல பதினாறு வயதில் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் வேறு ஒரு கவலை, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று. வயதானவர்களும் கேட்க மாட்டார்கள். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று சொல்லிக்கொள்வார்களே தவிர, "எழுத்து தெரியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். கேட்காமலே கிடைக்கிற வசதிதான் வசதி. தண்ணீர்ப் பானைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, தாகம் எடுத்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

"அப்படியானால் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஒரு கணினியை ஒதுக்கிவிடலாமே?" இது மூன்றாவது. ஒதுக்குங்கள், நல்லதுதான். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளைப் போட்டுப் பார்வையற்றவர்களுக்காக ஒரு கணினி வைத்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது போதாது. பார்வை உள்ளவர், இல்லாதவர் என்ற இரண்டே வகையில்லை. நடுவில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. கண்ணாடி உடைந்து புதிது வாங்க அடுத்த சம்பளம் வரை காத்திருப்பவர், கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பவர், சர்க்கரையால் பார்வை மங்கத் தொடங்கியவர், தனக்குக் கிட்டப்பார்வை இருப்பதே தெரியாத பிள்ளை, என்னைப் போல் வெள்ளெழுத்துக்காரர். இவர்கள் யாரும் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதில்லை. அந்தத் தனிக் கணினி பக்கம் போகவும் மாட்டார்கள்.

இதில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் கூடுதலாக உண்டு. ஆங்கில எழுத்து சிறிதாக இருந்தாலும் சொல்லின் உருவத்தை வைத்து ஊகித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கி-க்கும் கீ-க்கும் மேலே ஒரு சிறு சுழிதான் வித்தியாசம். கொ-வுக்கும் கோ-வுக்கும் கொம்பின் தலையில் ஒரு சுழி. எ, ஏ இரண்டுக்கும் கீழே ஒரு சிறு கோடு. ன, ண இரண்டுக்கும் ஒரு வளைவு கூடக் குறைய. இவையெல்லாம் சிறிய அளவில் முதலில் மறைகிற பகுதிகள். பிள்ளை எழுத்துப்பிழை விடுகிறது என்று திட்டுகிறோம். அதன் கண்ணுக்குத் திரையில் எது தெரிந்தது என்று பார்ப்பதில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால், அதைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் முழுப் பார்வையின்மை ஒன்று, குறைபார்வை தனியாக இன்னொன்று. கல்வி நிலையங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. சாய்தளம் கட்டப் பணம் வேண்டும், மின்தூக்கிக்குப் பணம் வேண்டும், அதற்கு நிதி வரவில்லை என்று சொன்னால் புரிந்துகொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கணினியோடு ஏற்கெனவே வந்துவிட்டது. அரசுப் பணத்தில் வாங்கிய வசதியை நாமே மறைத்து வைக்கிறோம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தேர்வு மையங்களைப் பற்றிக் கேட்பீர்கள். கணினிவழித் தேர்வு நடக்கும் இடத்தில் எல்லாவற்றையும் பூட்டத்தான் வேண்டும். அங்கே நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அப்படிப் பூட்டுவதாலேயே ஒரு கடமையும் வந்துவிடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் தேர்வுத் திரைக்குள்ளேயே, எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அது இருக்கிறது என்று தேர்வு தொடங்கும் முன் மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பள்ளி ஆய்வகமும் நூலகமும் தேர்வு மையம் இல்லை. அவை பழகுவதற்கான இடங்கள். அங்கே தேர்வு மையத்துக் கெடுபிடி எதற்கு?

கடைசியாக, பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஓய்வுபெற்ற ஒருவனின் வேண்டுகோள். அடுத்த முறை ஆய்வகம் காலியாக இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள்.

1. நிர்வாகிக் கணக்கில் இல்லாமல், பிள்ளைகளோ வாசகர்களோ பயன்படுத்தும் கணக்கில் நுழையுங்கள். நம்முடைய கணக்கில் எல்லாம் திறந்திருக்கும், அதனால் பூட்டு நம் கண்ணுக்குப் படுவதே இல்லை.

2. உங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பக்கம் தமிழைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்க வழி தேடுங்கள். யாரையும் கேட்காமல் முடிகிறதா?

3. முடியவில்லை என்றால், ஒட்டுமொத்தப் பூட்டை எடுத்துவிட்டு, பின்னணிப் படம், வண்ணத் தோற்றம், திரைக்காப்பு, பிக்சல் அளவு இவற்றை மட்டும் தனித்தனியாகப் பூட்டுங்கள்.

4. வெளியேறினாலோ மறுதொடக்கம் செய்தாலோ எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யுங்கள்.

5. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். விண்டோஸ் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும், விண்டோஸ் பொத்தானோடு எஸ்கேப் அழுத்தினால் போய்விடும். இணைய உலாவியில் கண்ட்ரோலோடு கூட்டல் குறி அழுத்தினால் பக்கம் பெரிதாகும், கண்ட்ரோலோடு பூஜ்யம் அழுத்தினால் பழையபடி. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுங்கள், கண் நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து. எல்லாருக்கும் சொன்னால் யாரும் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

அன்று நூலகத்தில் அந்தத் தம்பிக்கு இந்த உருப்பெருக்கியைத்தான் காட்டினேன். அதைப் பூட்டியிருக்கவில்லை. "இது இருக்கிறதே எனக்குத் தெரியாது சார்" என்றார். "எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுப்பா" என்றேன். உடனே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அந்த வரிசையின் முதல் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டார். மற்ற கணினிகளுக்கு நாளைக்கு எழுதி ஒட்டுகிறேன் என்றார். திரைப் பக்கத்தைத் திறந்துவிடுவது பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அவள் வகுப்புத் தோழர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று புரிந்தாலும் தயவுசெய்து பெயரைக் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம். அவளோடு தொடர்பில் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கம்ப்யூட்டர் அவளுக்கு ஒத்துவராமல் போகவில்லை, சார்தான் சரியாகப் பூட்டத் தெரியாமல் பூட்டிவிட்டார் என்று.

உங்கள் பள்ளியில், அலுவலகத்தில், நூலகத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள், கற்றுக்கொள்கிறேன்.